என் கையால் சோதித்த ஜாய்ஸ்டிக்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த வாரம். குமாரபாளையத்தில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பண்டிகைக்கு முன்னால் ஜவுளிக்காரர்கள் பில் போடும் மிஷின் நின்றுபோச்சு, பிரிண்டர் துணியைத் தின்கிற மாடு மாதிரி பேப்பரைத் தின்னுது என்று என் உயிரை எடுப்பார்கள். பண்டிகை முடிந்தால் ஒரு குருவி எட்டிப் பார்க்காது.

கடை ஆரம்பித்தபோது, ஒரு பொம்பளை கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்க்கிறாளாமே என்று இளக்காரமாகப் பேசிய ஊர்தான் இது. பத்து வருடத்தில் பேச்சு மாறிவிட்டது. வேறு கடையில் முடியாது என்று கைவிட்டதைக்கூட, அந்த அம்மிணிகிட்டக் குடுத்துப் பாருங்க, ஆயிரும் என்று அனுப்பிவைக்கிறார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. ஒளிப்பானேன்?

அன்றைக்குக் கடைக்கு வந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைமுடி முழுக்கப் பஞ்சுத் தூசி. தறியை நிறுத்திவிட்டு நேராக வந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏனுங்க அம்மிணி, கையைத் தூக்காம ஓட்டற மாதிரி மவுசு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

உள்ளே உட்கார வைத்து விசாரித்தேன். அவர் வீட்டுக்காரர் ரிக் லாரியில் இருபது வருடம் வேலை பார்த்தவர். தண்ணீருக்குப் போர் போடுகிற வண்டியில் லீவர் பிடிக்கிற ஆள். வடக்கே எங்கேயோ வேலையில் இருந்தபோது வண்டி மேலிருந்து விழுந்து கழுத்து எலும்பு முறிந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே வலது மணிக்கட்டில் கொஞ்சம் அசைவு, கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் கொஞ்சம். அவ்வளவுதான் மிச்சம்.

வீட்டை ஒட்டியே நாலு விசைத்தறி. அக்காதான் ஓட்டுகிறார். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது, அடுத்த அறையில் படுத்திருக்கும் மனிதர் கூப்பிட்டால் எப்படி விழும்? ஒரு நாள் தலையணை நழுவி, தலை கட்டிலுக்கு வெளியே தொங்க ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார். நூல் அறுந்து அக்கா தறியை நிறுத்தியபோதுதான் முனகல் கேட்டதாம். சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது, அதிலிருந்து அக்காவின் செல்லுக்கு அவரே கூப்பிட முடிந்தால் போதும். ஆனால் மவுஸை நகர்த்துகிற அளவுக்குக் கையைத் தூக்க அவரால் முடியவில்லை.

"இவ்வளவுதானே அக்கா? நான் பண்ணித் தாரேன்" என்றேன். எப்படி என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது. முதலில் வாய் போகும், பின்னாடி மூளை போகும். என் சுபாவம் அது.

மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கிய சாமான்களில் பழைய ஜாய்ஸ்டிக் ஒன்று கிடந்தது. விமானம் ஓட்டும் விளையாட்டுக்கு உள்ளது. கியர் ராடு மாதிரி ஒரு குச்சி, தலையில் ஒரு பட்டன், அடியில் ஒரு சின்ன சக்கரம். குச்சியை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்கிறோம் என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அந்தச் சாய்வை மவுஸின் நகர்வாகவும், கீபோர்டின் சாவிகளாகவும் மாற்றிக்கொடுக்க இலவச சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். குச்சியைச் சாய்த்தால் அம்புக்குறி அந்தப் பக்கம் ஓட வேண்டும். தலைப் பட்டனை அழுத்தினால் கிளிக். குச்சியை வலது பக்கம் முறுக்கினால் என்டர் சாவி, இடது பக்கம் முறுக்கினால் பின்னால் போகிற சாவி. சக்கரத்தைத் திருப்பினால் பக்கம் மேலும் கீழும் போகும். கடையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது எனக்கே விசில் அடிக்கத் தோன்றியது.

அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு, அதில் ஜாய்ஸ்டிக்கை இறுக்கிக் கட்டினேன். அக்கா அவர் கையைத் தூக்கி அதன் மேல் வைத்தார். அவர் மெல்ல முன்னால் தள்ளினார். அம்புக்குறி மேலே போனது. நான் கை தட்டினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இழுத்தா மேல வரோணுமுங்க அம்மிணி. தள்ளுனா கீழ போகோணும். எங்க வண்டியில அப்படித்தானுங்க. இது எனக்குத் தலைகீழா இருக்குது" என்றார்.

அவர் பழகியது ரிக் வண்டியின் லீவர். இழுத்தால் ராடு மேலே வரும், தள்ளினால் பூமிக்குள் இறங்கும். இருபது வருடம் அந்தக் கை அதைத்தான் செய்திருக்கிறது. எனக்கு முதலில் சுருக்கென்று இருந்தாலும், ஒரு டிக் அடித்து மேல் கீழை மாற்றிவிட்டேன். அதன் பிறகு அவர் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே! கிளம்பிய இடம் தெரியாமல் அம்புக்குறி வழுக்கிக்கொண்டு போய், போன் படத்தின் மேல் நின்றது. கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. தறிக்கூடத்தில் அக்காவின் இடுப்பில் செருகியிருந்த செல் நடுங்கியது. என்னவோ ஏதோ என்று தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தவரைப் பார்த்து அவர் சிரித்தார். "சும்மா கூப்புட்டேன்" என்றார். அக்கா அப்படியே கதவில் சாய்ந்து அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.

மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து, சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்துப் பார்த்தால், அவர் கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து வைத்திருக்கிறார். ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகத் தேடித் தேடி, தான் போர் போட்ட காடு தோட்டங்களை எனக்குக் காட்டினார். இங்கே தொள்ளாயிரம் அடியில் தண்ணீர், இங்கே தண்ணீரே இல்லை, வெறும் புழுதிப் புகை என்று சொல்லிக்கொண்டே போனார்.

அப்போது அவர் இரண்டு விஷயம் சொன்னார். அன்றைக்கு நான் அவற்றைக் காதில் வாங்கினேனே தவிர மண்டைக்குள் வாங்கவில்லை. ஒன்று, அந்தக் கையில் அவருக்குத் தொடு உணர்ச்சியே கிடையாது. கை எவ்வளவு அசைகிறது என்று அவருக்கே தெரியாது, அம்பு ஓடுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாராம். இன்னொன்று, இருக்கிற இந்த அசைவும் ஒரு நாள் நின்றுபோகலாம் என்று ஆரம்பத்திலேயே டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் வாரம் ஒரு முறை பயிற்சி கொடுக்கிறவர் வந்து போனார். காலையும் மாலையும் அக்கா ஒரு ரப்பர் பந்தை அவர் கையில் வைத்துவிட, கட்டைவிரலால் நூறு தடவை அமுக்குவார், பந்து நசுங்குவது கண்ணுக்கே தெரியாது. ஒரு நாள்கூட விட்டதில்லை.

பத்துப் பதினைந்து நாள் நன்றாக ஓடியது. கார்த்திகை மாதம் ஒரு நாள் காலையில் அக்கா போன் செய்தார். அம்பு தானாக நகர்கிறது, கையை எடுத்தாலும் ஒரு பக்கமாக ஊர்ந்துகொண்டே போகிறது என்றார். பழைய ஜாய்ஸ்டிக்கில் இது வழக்கமான வியாதி. உள்ளே தேய்ந்துபோயிருக்கும், நடுவில் நிற்க வேண்டிய குச்சி நடுவில் நிற்காது.

அன்றைக்கு எனக்குப் பவானியில் ஒரு கல்யாணம். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியவள், போகிற வழிதானே என்று வண்டியை அந்தத் தெருவுக்குள் திருப்பினேன். தறி தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எட்டிப் பார்த்து, உள்ளே போங்க என்று கையைக் காட்டினார். நான் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தூங்குகிற ஆம்பளையைத் தட்டி எழுப்புவதா? பாவம், எத்தனை மணிக்குக் கண் அசந்தாரோ. எனக்கு முகூர்த்தத்துக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. சத்தம் காட்டாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குச்சி நடுவில் இருக்கும்போது வருகிற சின்னச் சின்ன நடுக்கத்தைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் இருப்பதற்காக சாஃப்ட்வேரில் ஓர் எல்லை போட்டுவைக்கலாம். டெட் ஸோன் என்பார்கள். குச்சி அந்த எல்லைக்குள் எவ்வளவு அசைந்தாலும் அசையாத மாதிரிதான் கணக்கு. எல்லையைத் தாண்டினால்தான் அம்புக்குறி நகரும். முதலில் நான் அதை நூற்றுக்கு ஐந்தில் வைத்திருந்தேன். பத்துக்கு ஏற்றினேன், அம்பு ஊர்ந்தது. இருபது, அப்போதும் லேசாக ஊர்ந்தது. எதற்கு வம்பு என்று ஒரேயடியாக நாற்பதில் வைத்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. தூங்குகிறவருக்குப் பக்கத்தில் குனிந்து குச்சியை என் கையால் பிடித்து மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது. தறிக்கூடத்தை எட்டிப் பார்த்து, சரியாகிவிட்டது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். மொத்தம் ஐந்து நிமிடம். தாலி கட்டுவதற்கு முன்பே மண்டபத்தில் இருந்தேன்.

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். என் கை நன்றாகத்தான் நுழைந்தது. வினை அதில்தான் இருந்தது.

நாலு நாள் கழித்துப் போன் செய்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அக்கா போனை அவர் காதில் வைத்தார். "நல்லா இருக்குதுங்க அம்மிணி. ஒண்ணுங் குறை இல்லீங்க" என்றார். தை மாதம் ஒரு முறை கேட்டேன். அதே பதில். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற வேலைகள் தலைக்கு மேல் வந்துவிட்டன. ஆனால் கடைக்கு வருகிற போகிற எல்லோரிடமும் இந்தக் கதையைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள மட்டும் நேரம் இருந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத மனிதர், என் கைவண்ணத்தில் கம்ப்யூட்டர் ஓட்டுகிறார் என்று.

அப்படி ஒரு நாள் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவுக்காகக் கேட்டு வந்தாள். அவரும் படுத்த படுக்கை. அவர் நம்பவில்லையாம், யாராவது ஓட்டுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வாராம். அதற்கென்ன, ஒரு வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்றேன். சித்திரை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். கடையைச் சாத்திவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

கம்ப்யூட்டரின் மேல் ஒரு பழைய போர்வை போர்த்தியிருந்தது. ஜாய்ஸ்டிக் பீரோவின் மேல் இருந்தது. அக்கா தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"நல்லவேளை வந்தீங்க கண்ணு. அதைய எடுத்துட்டுப் போயிருங்க, ஆருக்காச்சும் ஒதவட்டும். இவரு கை போயிருச்சு" என்றார்.

கார்த்திகை மாதமே போய்விட்டதாம். ஒரு நாள் கண் விழித்துப் பார்த்தால் அம்பு நகரவில்லை. அன்றைக்கு நகரவில்லை, மறுநாளும் நகரவில்லை. டாக்டர் சொன்ன நாள் வந்துவிட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. கண் வலிக்குது, கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அக்கா சந்தேகப்பட்டு, ஒருவேளை மிஷினில் கோளாறோ என்று தானே குச்சியைப் பிடித்து ஆட்டிப் பார்த்திருக்கிறார். "நான் புடிச்சா ஓடுதுங்க. இவரு புடிச்சா ஓடலை. அப்பறம் என்னத்தப் பாக்கறது?" என்றார்.

பந்து அமுக்குவதை அவர் அன்றோடு விட்டுவிட்டார். பயிற்சிக்காரரையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செத்த கைக்கு எதற்குப் பயிற்சி? அக்கா அரை மணிக்கு ஒரு முறை தறியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் வந்ததற்குத் தலையை மட்டும் கொஞ்சம் திருப்பினார்.

அந்த நிமிடம்கூட எனக்கு உறைக்கவில்லை என்பதுதான் கொடுமை. ஐயோ பாவம் என்றுதான் நினைத்தேன். சரி, பள்ளிபாளையத்துப் பெண்ணுக்காவது ஆகும் என்று ஜாய்ஸ்டிக்கை எடுத்துத் தூசி தட்டி, வேலை செய்கிறதா என்று பார்க்கக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். குச்சி சாய்ந்து நிற்கிற இடத்தையே நடு என்று பதிந்துவிட்டு, சாஃப்ட்வேரின் செட்டிங் பக்கத்தைத் திறந்தேன். அதில் குச்சி எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்ட ஒவ்வொரு திசைக்கும் ஒரு கோடு ஓடும்.

அப்போது அவர் மெதுவாகச் சொன்னார். "ஒருக்கா என்ற கையை அதும்மேல வெச்சு உடுங்க அம்மிணி. எடுத்துட்டுப் போறதுக்கு முன்னால."

அக்கா கையைத் தூக்கி வைத்தார். விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. ஒவ்வொன்றாக நீட்டித்தான் குச்சியைச் சுற்றி வைக்க முடிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரையில் கோடு அசைந்தது.

பழைய ஜாய்ஸ்டிக்கின் ஊர்ந்துபோகும் வியாதி என்று நினைத்தேன். கையை எடுக்கச் சொன்னேன். கோடு நின்றது. மறுபடி வைக்கச் சொன்னேன். இழுங்கண்ணா என்றேன். கோடு ஒரு பக்கம் போனது. தள்ளுங்க என்றேன். இன்னொரு பக்கம் போனது. சின்னதாக, நடுங்கி நடுங்கி, ஆனால் சொன்ன பக்கம் சொன்னபடி போனது. பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் அகலமாக ஒரு பட்டை. டெட் ஸோன். கோடு அந்தப் பட்டையின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. கீழே நாற்பது என்று எழுதியிருந்தது.

அந்த நாற்பது நான் வைத்தது. என் கைக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. அவர் கைக்கு அது தாண்டவே முடியாத மதில். ஐந்து மாதமாக அந்த மனிதரின் கை அசைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தவள் நான்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. "சாஃப்ட்வேர்ல ஏதோ சின்னக் கோளாறுங்ணா" என்று சொல்லிக்கொண்டே நாற்பதை நாலாக்கினேன். வாய் நீளம் என்று பேர் வாங்கியவளுக்கு உண்மை மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

அம்புக்குறி ஓடியது. அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். முதலில் நம்பவில்லை, நான்தான் ஏதோ செய்கிறேன் என்று என் கையைப் பார்த்தார். என் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். மறுபடி இழுத்தார். அம்பு மேலே ஏறியது. "அப்ப என்ற கை போகலீங்களா?" என்று கேட்டார். அக்கா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டார்.

அம்புக்குறி தடுமாறித் தடுமாறி, போன் படத்தின் மேல் போய் நின்றது. அக்கா இடுப்பிலிருந்த செல்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். செல் அடிக்கவில்லை. கட்டைவிரல் பட்டனின் மேல்தான் இருந்தது, அழுத்தத்தான் முடியவில்லை. ஐந்து மாதம் பந்தைத் தொடாத விரல் மடங்கி இறுகிக் கிடந்தது. அவர் முகமெல்லாம் சிவக்க முயன்றார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

அம்பு ஓர் இடத்தில் இரண்டு நொடி நின்றால் தானாகக் கிளிக் ஆகிற மாதிரி அவசரமாக ஒரு வழி செய்தேன். செல் அடித்தது. அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க நல்லா இருக்கோணும் சாமி என்று அக்கா சொன்னபோது, பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. காபிகூட வாங்கிக் குடிக்காமல் ஓடி வந்துவிட்டேன். வீடியோவும் எடுக்கவில்லை.

இரண்டு நாள் கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர்கள் என்னைத் தெய்வம் மாதிரி நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஊருக்கே மாதாந்திர மின்தடை. எந்தத் தெருவிலும் தறிச் சத்தம் இல்லை. அந்த அமைதியில் அவர்கள் வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்துக்குப் போகிற அவசரம், அவர் தூங்கியது, நாற்பது, என் கையால் ஆட்டிப் பார்த்தது, அன்றைக்குப் பொய் சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

அக்காதான் முதலில் பேசினார். "அந்தப்பக்கம் தறிக்கூடத்துலதான நின்னுட்டு இருந்தேன். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பனே கண்ணு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் அழுதுகொண்டே எழுந்து உள்ளே போய்விட்டார்.

கட்டிலில் இருந்த அண்ணாவிடம் நான்தான் தாங்க முடியாமல் கேட்டேன், ஏன் ஒரு போன் போட்டு என்னைக் கூப்பிடவில்லை என்று. அவர் யோசித்துச் சொன்னார். நீங்க ரெண்டு தடவை மெனக்கெட்டு வந்து செஞ்சு குடுத்தீங்க. போனது என்ற கைதானுங்க. அதுக்கு உங்க வேலைய எப்படிக் குத்தம் சொல்றது? அப்படிச் சொன்னால் நன்றி கெட்டதாக ஆகாதா?

இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்துத் தள்ளிப் பார்த்திருக்கலாமே அண்ணா என்றும் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. என் குற்றத்தில் ஒரு பங்கை அவர் தலையில் கட்டப் பார்த்தேன் என்று இப்போது புரிகிறது. அதற்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். "லீவரு பேசலைன்னா அமுத்தக் கூடாதுங்க. அடியில ராடு சிக்கியிருக்கும், அமுத்துனா முறிஞ்சு போயிரும். கையை எடுத்துரோணும். அப்படித்தானுங்க பழகியிருக்கறோம்."

தள்ளியும் அம்பு நகரவில்லை, குச்சி பேசவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். அவருடைய தொழிலில் இருபது வருடமாக எது சரியோ, அதைத்தான் செய்திருக்கிறார்.

மன்னித்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் எழுந்தபோது சொன்னார்.

"என்னைய எழுப்பியிருக்கலாமுங்க அம்மிணி."

கோபமே இல்லாமல் சொன்னார். ஒரு தகவல் சொல்கிற மாதிரி.

மறுவாரமே பயிற்சிக்காரர் மறுபடி வர ஆரம்பித்தார். நாலைந்து மாதத்தில் இரண்டு விரல்கள் ஓரளவு பழைய நிலைக்கு வந்தன. கட்டைவிரல் வரவில்லை. இடையில் விட்டிருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னார். ஜாய்ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊர்ந்துபோகாத புதிய ஒன்றை வாங்கி வைத்தேன். டெட் ஸோன் மூன்றில் இருக்கிறது. அவர் இப்போதும் ஓட்டுகிறார், மேப்பில் ஊர்களைத் தேடுகிறார், தறிக்கூடத்துக்குக் கூப்பிடுகிறார். கிளிக் மட்டும் இரண்டு நொடி காத்திருந்து தானாகத்தான் ஆக வேண்டும். என்னைப் பார்த்தால் முன்போலவே வாங்க அம்மிணி என்கிறார். அக்காவும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார். அவர்கள் குணம் அது. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா பேசுவது நின்றுவிட்டது. அதைக் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

பள்ளிபாளையத்து அப்பாவுக்கும், அவருக்குப் பிறகு இன்னும் மூன்று பேருக்கும் இதே போல் அமைத்துக் கொடுத்துவிட்டேன். அவர்கள் கையை வைத்து ஓட்டிப் பார்க்காமல் ஓர் எண்ணையும் நான் மாற்றுவதில்லை. தூங்கினால் விழிக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், இல்லையென்றால் வீட்டில் உள்ளவர்களை விட்டு எழுப்பச் சொல்கிறேன். ஊர் அதைப் பொறுப்பு என்கிறது. நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கட்டைவிரலைக் கொடுத்து நான் கற்றுக்கொண்டது இது, அதுவும் என்னுடைய கட்டைவிரல் இல்லை.

தொந்தரவு செய்யக் கூடாது என்று அன்றைக்கு ஒரு மனிதரை எழுப்பாமல் வந்தேன். அதை மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கையைப் பற்றிய முடிவை அவரைக் கேட்காமலேயே எடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது, ஒவ்வொரு முறை அவர் பட்டனை அழுத்த முடியாமல் அந்த இரண்டு நொடி காத்திருக்கும்போதும் எனக்குத் தெரிகிறது.